பக்கத்து வீட்டுச் சத்தம்: சுவரில் காது வைப்பதிலிருந்து மனு எழுதுவது வரை

பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தைத்தான் சொல்கிறார்கள்: "கொஞ்சம் சத்தம் இல்லாமப் பாத்துக்குங்க." கேட்டவர் "சரிங்க" என்று தலையாட்டுவார், மறுநாளும் அதே சத்தம் வரும். வேண்டுமென்றே செய்கிறார் என்று இவர் முடிவு கட்டுவார்; எதைக் குறைக்கச் சொன்னார்கள் என்பதே அவருக்கு விளங்கியிருக்காது. எந்தப் பொருள், எந்த நேரத்தில், எந்த வழியாக உங்கள் வீட்டுக்குள் ஒலிக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அதில் மாற்றக்கூடிய ஒன்றை மட்டும் கேட்பதுதான் நான் சொல்ல வருகிற முறை. நேரில் பேசுவதற்கு மட்டுமல்ல, பேச்சு பலிக்காமல் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தாலும் அந்த விவரம்தான் கைகொடுக்கும். சட்ட விதிகள் இந்தியா முழுவதற்கும் பொதுவானவை. அலுவலக நடைமுறைகளைத் தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சத்தத்தின் வழியைக் கண்டுபிடியுங்கள்

நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலை நாலரை மணிக்குப் படுக்கையறைச் சுவர் முழுவதும் ரீங்கரிக்கத் தொடங்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்பது தெரியும். ஜன்னலைச் சாத்தினோம், கனமான திரை போட்டோம், ஒன்றும் குறையவில்லை. ஒரு நாள் தூக்கம் கெட்ட எரிச்சலில் சுவரில் கை வைத்தபோதுதான், சுண்ணாம்புப் பூச்சு உள்ளங்கையில் மெல்ல அதிர்வது தெரிந்தது. அலமாரியில் வைத்திருந்த டம்ளர்த் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்துகொண்டிருந்தது. சத்தம் காற்று வழியாக வரவில்லை, சுவர் வழியாக வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது.

ஒலி வீட்டுக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. பாட்டு, நாய்க்குரைப்பு, பேச்சு, வாகன ஒலி போன்றவை காற்றில் வந்து ஜன்னல், கதவு, வென்டிலேட்டர் ஆகியவற்றின் இடுக்குகள் வழியாக நுழைகின்றன. மோட்டார், மேல்வீட்டில் நாற்காலி இழுப்பது, சுவரில் பொருத்திய ஏசியின் வெளிப்பெட்டி போன்றவற்றின் அதிர்வு கட்டடத்தின் உடலுக்குள் இறங்கி, குழாய், உத்தரம், தளம் வழியாகப் பயணம் செய்து, உங்கள் அறைச் சுவரையே ஒலிபெருக்கியாக்கிவிடுகிறது. பிரித்தறிவது எளிது: ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திப் பாருங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் காற்று வழி; அப்படியே இருந்தால் கட்டட வழி. பிறகு சுவரிலும் தண்ணீர்க் குழாயிலும் தரையிலும் கை வைத்துப் பாருங்கள். சுவரில் காதையே வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் அதிர்வு மிகுதியோ அதற்கு நேர் எதிரில்தான் பெரும்பாலும் மூலம் இருக்கும்.

இதைச் செய்யும்போது உங்கள் வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் அனைத்தையும் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். பக்கத்து வீட்டின் மேல் பழி போட்ட சத்தம் சொந்த வீட்டு இன்வெர்ட்டரின் உறுமலாக இருந்த கதையை எனக்குத் தெரிந்தே இரண்டு வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

அடுத்து ஒரு நோட்டு. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், எந்த அறையில் கேட்டது, ஜன்னல் திறந்திருந்ததா சாத்தியிருந்ததா என்ற ஆறு விவரங்கள் போதும். இரண்டு வாரம் எழுதுங்கள். "எப்போதும் சத்தம்" என்று நீங்கள் நினைத்தது வாரத்தில் மூன்று நாள், தலா நாற்பது நிமிடம் என்று தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் கேட்க வேண்டியதும் சிறியதாகிவிடும். கைப்பேசியில் டெசிபல் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. மாறுதலை ஒப்பிட அவை உதவும். ஆனால், மனிதக் குரலைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட கைப்பேசி மைக், மோட்டாரின் தாழ்ந்த உறுமலைச் சரியாகப் பிடிக்காது. அது காட்டும் எண்ணைச் சான்றாக நம்பி வாதாட வேண்டாம். ஒலிப்பதிவோ காணொளியோ எடுப்பதானால் உங்கள் வீட்டுக்குள் நின்று, சுவர்க் கடிகாரம் தெரியும்படி எடுங்கள். அடுத்த வீட்டு ஜன்னலை நோக்கிக் கேமராவைத் திருப்பினால், புகார் உங்கள் மேல் வரும்.

நேரில் பேசுவது

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது போய்க் கதவைத் தட்டாதீர்கள். அப்போது உங்கள் முகத்தில் கோபம் இருக்கும், அவர் வீட்டில் விருந்தாளி இருப்பார். மறுநாள் மாலையோ ஞாயிற்றுக்கிழமை காலையோ, தனியாக, கை வீசிக்கொண்டு போங்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதை அறவே தவிர்த்துவிடுங்கள். நூறு பேர் முன்னால் குறை சொல்லப்பட்டவர் தன் தரப்பை விட்டுக்கொடுத்ததாக நான் கண்டதில்லை. எதிர்வீட்டில் இருப்பவர் வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால் முதலில் அவரிடமே பேசுங்கள். எடுத்த எடுப்பில் வீட்டு உரிமையாளருக்குப் போன் செய்வது அவருக்குக் குடியிருப்பையே சிக்கலாக்கும், பகையும் நிலைத்துவிடும்.

பேச்சில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: எது கேட்கிறது, எப்போது கேட்கிறது, அவர் அதை ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்ற கேள்வி. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மோட்டார் விஷயமாக நான் போனபோது, ஆறு மணிக்கு மேல் போடச் சொல்ல வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். "அண்ணே, காலையில நாலரைக்கு மோட்டார் ஓடுறப்ப எங்க பெட்ரூம் சுவரே அதிருது. அந்த நேரத்துல போட்டாகணும்னு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னைச் சம்ப் மூடியருகே அழைத்துக்கொண்டு போனார். "தண்ணி வர்றதே நாலு மணிக்குத்தான் தம்பி. சம்ப் சின்னது. ஏத்தலேன்னா வழிஞ்சு ரோட்டுல ஓடும், அப்புறம் ரெண்டு நாளைக்கு எங்க போறது?" என்றார். நேரத்தை மாற்ற அவரால் முடியாது என்பது நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால், மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் இரும்புக் குழாயை எங்கள் இருவருக்கும் பொதுவான சுவரில் நான்கு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்ததும் தெரிந்தது.

பிளம்பர் ஒருவர் அரை நாளில் முடித்துவிட்டார். கிளாம்ப்களைக் கழற்றி, குழாய்க்கும் இரும்புக்கும் இடையில் பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு மடிப்பாகச் சுற்றி மறுபடியும் மாட்டினார். மோட்டாரைத் தூக்கி அடியில் கனமான ரப்பர் ஷீட் வைத்தார். மோட்டார் வாயிலிருந்து குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு நைலான் பின்னல் போட்ட ஹோஸைச் சேர்த்தார். செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவர் கேட்கவில்லை, நான்தான் கொடுத்தேன், அது நல்ல முதலீடு. நாலரை மணிக்கு மோட்டார் ஓடுவது இப்போதும் கேட்கும், ஆனால் விழித்திருந்தால்தான் கேட்கும். வெயில் படும் இடத்தில் டியூப் காய்ந்து வெடித்துவிடும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது.

மோட்டார் வழக்கத்தைவிடக் கத்தினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். நிறுத்தும்போது 'டமார்' என்று குழாய் அடித்தால் திரும்பி விழும் தண்ணீர் வால்வை மோதுகிறது என்று பொருள். இரண்டும் அவருக்கே செலவு வைக்கப்போகும் பழுதுகள். அதனால் "உங்க மோட்டார் பேரிங் போகுது போலிருக்கு" என்று தொடங்கினால் அது புகாராகவே காதில் விழாது.

சத்தத்துக்குச் சத்தம் கேட்க வேண்டியது வேறு

அடுக்குமாடிகளில் மேல்வீட்டுச் சத்தம் முக்கால்வாசி தரை வழியாக இறங்குவது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அடியில் ரப்பர் மேட், கூடத்தில் ஒரு தேங்காய் நார் பாய் என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். புஷ் பாக்கெட்டை நீங்களே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. குழந்தைகள் ஓடுவதைப் பற்றி மட்டும் இரவு ஒன்பது மணிக்கு முன்னால் யாரிடமும் குறை சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. ஓடாத குழந்தையை வளர்க்க யாராலும் முடியாது. சங்கத்தின் துணைவிதிகளில் மராமத்து வேலைக்கான நேரம் குறிப்பிடப்பட்டிருந்தால், துளை போடுவது, டைல்ஸ் அறுப்பது ஆகியவற்றுக்கு அதைக் காட்டிச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

நாய் விஷயத்தில் 'நாயை அப்புறப்படுத்துங்கள்' என்று தொடங்கினால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். வளர்ப்பு நாய்க்குத் தடை போடக் குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இடைவிடாமல் குரைக்கும் நாய் பெரும்பாலும் மொட்டை மாடியிலோ வாசல் கிரில்லிலோ நாள் முழுவதும் தனியே கட்டிப்போடப்பட்ட நாயாகத்தான் இருக்கும். அளவுக்கு மீறிக் கட்டிப்போடுவதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது. இரவில் வீட்டுக்குள் படுக்க வைக்கவும் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போகவும் கேளுங்கள். தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தால் வேறு பக்கம் மாற்றக் கேளுங்கள்.

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள் என்றால் உரிமையாளரைவிட மேஸ்திரியிடமோ இன்ஜினீயரிடமோ பேசுவது பலன் தரும். கட்டர் எப்போது ஓடும், கான்கிரீட் என்றைக்குப் போடுவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். பகலில் சத்தம் வரத்தான் செய்யும். இரவில், அதாவது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, குடியிருப்புப் பகுதியில் ஒலி எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. விடிய விடிய ஓடும் போர்வெல் வண்டிக்கும் அதைக் காட்டலாம். ஜெனரேட்டர் என்றால் அதன் கூண்டைப் பாருங்கள். ஆயிரம் கே.வி.ஏ. (மின்திறன் அளவு) வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் ஒலித்தடுப்புக் கூண்டோடு, ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்கு மேல் போகாதபடிதான் தயாரிக்கப்பட வேண்டும். வெப்பம் தாங்கவில்லை என்று கூண்டின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டுவது கடைகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்தக் கதவைச் சாத்தச் சொல்வதுதான் அங்கே உங்கள் கோரிக்கை.

ஒலிபெருக்கி தனி அத்தியாயம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வருடத்தில் ஒரு நாள் நடப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். துக்க வீட்டில் பறையும் சங்கும் ஒலிக்கும்போது புகார் சொல்லும் மனிதரை ஊர் மறக்காது. ஆனால், அடுத்தடுத்து முகூர்த்தம் நடக்கும் மண்டபமோ, தினமும் விடியற்காலை குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் வழிபாட்டு இடமோ பக்கத்தில் இருந்தால் வழி வேறு. விழாக் குழுவினரைக் காப்புக் கட்டுவதற்கு முன்பே சந்தித்துவிடுங்கள். தொடங்கிய பிறகு எந்தக் குழுவும் இறங்கி வராது. பாட்டை நிறுத்தச் சொல்லாமல், உங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்கும் அந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் திருப்பி வைக்கக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயர் திருகைக் கையில் வைத்திருப்பவர் மைக்செட்காரர்தான். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் பிள்ளைகளின் படிப்பைச் சொல்லிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

மதத்தின் பெயரைச் சொன்னால் சட்டம் ஒதுங்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி, மேளம் ஆகியவற்றைப் பற்றி அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்றும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் அந்த வழக்கில் தீர்ப்பானது. எல்லா வழிபாட்டு இடங்களுக்கும் அது பொருந்தும்.

எண்களைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள், 2000 என்பதுதான் அடிப்படை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்; வணிகப் பகுதியில் 65, 55; தொழிற்பகுதியில் 75, 70; மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி அறிவிக்கப்பட்ட அமைதி மண்டலத்தில் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இவை ஒரு கணத்து அளவுகள் அல்ல, ஒரு கால அளவின் சராசரி. ஆகவே ஒரு முறை பாத்திரம் விழுந்ததையோ ஒரு வெடிச் சத்தத்தையோ வைத்து வரம்பு மீறல் என்று சொல்ல முடியாது.

டெசிபல் எண்கள் சாதாரணக் கூட்டல் கணக்கில் அடங்காதவை. ஒலி ஆற்றல் இரண்டு மடங்கானால் எண் 3 மட்டுமே கூடும்; 10 கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும். 45க்கும் 55க்கும் பத்துதானே வித்தியாசம் என்று யாராவது சொன்னால் அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்குகளுக்குள் அங்கே இருப்பவர்களுக்காக மட்டும் ஒலிப்பதையும் பொது அவசரத்தையும் தவிர, ஒலிபெருக்கிக்கு இடமில்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். மார்கழி மாதத்து விடியற்காலை 5 மணியும் விதிப்படி இரவுதான் என்பது பலருக்கும் தெரியாது. தனியார் இடத்தில் வைத்திருக்கும் ஒலி அமைப்பின் சத்தம், அந்த இடத்தின் எல்லைச் சுவரில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்புப் பகுதி என்றால் பகலில் 60, இரவில் 50 என்று கணக்கு வரும். ஒரு பகுதியின் ஒலி அளவு வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால், அல்லது இரவு நேரக் கட்டுப்பாடு எதுவும் மீறப்பட்டால், யார் வேண்டுமானாலும் அதற்குரிய அதிகாரியிடம் புகார் செய்யலாம். அளவு காட்ட வேண்டிய சுமை இல்லாததால் இந்த இரண்டாவது காரணம்தான் சாமானியருக்குப் பெரிய வசதி. பத்தே கால் மணிக்கு ஒலிபெருக்கி ஓடியது என்பதைச் சொல்ல டெசிபல் கருவி தேவையில்லை, கடிகாரம் போதும்.

மனு எழுதும்போது

இரவில் நடந்துகொண்டிருக்கும் சத்தத்துக்கு 100 அல்லது 112க்கு அழையுங்கள். முகவரி, என்ன சத்தம், எப்போதிலிருந்து, இப்போதும் நடக்கிறதா என்பதை மட்டும் சொல்லுங்கள். பழைய பகைக் கதையைச் சொல்லாதீர்கள். ரோந்துக் காவலர் வந்து போனதும் மறுபடியும் சத்தத்தைக் கூட்டினால் மறுபடியும் அழையுங்கள். அழைத்த நேரங்களை நோட்டில் எழுதி வையுங்கள்.

தொடர்ந்து நடக்கும் தொல்லைக்கு எழுத்து மனு அவசியம். "எங்களால் இந்த வீட்டில் வாழவே முடியவில்லை, தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிய மனுவை வைத்துக்கொண்டு உதவி ஆய்வாளர் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிய கட்டடத்தின் தரைத்தளத்தில் இயங்கும் பட்டறையில், கடந்த 14 நாட்களில் 9 நாட்கள் இரவு 10 மணிக்குப் பிறகும் இரும்பு அறுக்கும் இயந்திரம் ஓட்டப்பட்டது. தேதியும் நேரமும் இணைப்பில் உள்ளன. நேரில் இரு முறை கேட்டும் நிறுத்தப்படவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த இயந்திரத்தை இயக்காதிருக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்." கேட்பது ஒன்று, அது செய்யக்கூடியது, செய்தார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்லவும் முடியும். மனுவை இரண்டு படியாக எடுத்துப் போங்கள். காவல் நிலையத்தில், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். மற்ற அலுவலகங்களில் உங்கள் படியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். காவல் நிலையத்தில் மனுவை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி இருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொன்னால் வாதாட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அனுமதியின் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அனுமதி இருந்தால் அதில் எழுதியிருக்கும் நேரமும் பெட்டிகளின் எண்ணிக்கையும் தெரியும். இல்லையென்றால் அந்தப் பதிலே உங்கள் அடுத்த மனுவுக்குச் சான்று.

சத்தம் வருவது பட்டறை, தறிக்கூடம், மாவு மில், ஐஸ் கம்பெனி போன்ற தொழிலிடம் என்றால் காவல் நிலையத்தைவிட மற்ற இரண்டு இடங்கள் பயன்படும். ஒன்று, மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ: அந்தத் தொழிலுக்கு உரிமம் வாங்கியிருக்கிறார்களா, அந்த மனை குடியிருப்பு மண்டலத்தில் உள்ளதா என்பதை அங்கே கேளுங்கள். மற்றது, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். ஒலியும் காற்று மாசில் அடங்கும் என்று 1987 திருத்தத்திலிருந்தே காற்று மாசுச் சட்டம் சொல்கிறது. முறையான கருவி வைத்து அளந்து அறிக்கை தரக்கூடியவர்கள் அவர்கள்தான். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவும், 1100 என்ற முதல்வர் உதவி மையத்தில் பதியும் புகாரும் கடைசியில் இதே அலுவலகங்களுக்குத்தான் வந்து சேரும். ஆனால் எண்ணோடு வரும், பதில் எழுத வேண்டிய கட்டாயத்தோடு வரும்.

உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டுமா, சுற்றியுள்ளவர்களுக்குமா என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் கதவு மாறும். அக்கம்பக்கத்தார் பொதுவாகப் பாதிக்கப்பட்டால் அது பொதுத் தொல்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில் அதற்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம்தான். அதைவிடப் பலமானது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. அதன்படி கோட்டாட்சியர் தொல்லையை நீக்கச் சொல்லி நிபந்தனை உத்தரவு போடலாம். எதிர்த்தரப்பு வந்து காரணம் காட்ட வேண்டும். 2024 ஜூலை 1க்கு முன்பு இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது. பழைய தீர்ப்புகளைப் படிப்பவர்களுக்கு அந்த எண்தான் கண்ணில் படும். இந்த மனுவில் நான்கைந்து வீட்டுக் கையெழுத்துகள் இருந்தால் பலம். பாதிப்பு உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட வேண்டும். அங்கே சராசரி மனிதருக்கு அது பொறுக்கத்தக்கதா என்றுதான் பார்ப்பார்கள். லேசாகத் தூங்குகிறவர் என்பது தனிச் சலுகையாகாது. நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து இடத்தைப் பார்வையிடச் செய்யலாம். நோட்டில் நீங்கள் எழுதிய நேரங்கள் சரியாக இருந்தால் அவர் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று கேட்க முடியும். வழக்குக்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் சமரச மனு கொடுத்துப் பாருங்கள். 15100 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். அந்த அறையில் உட்கார்ந்து பேசியவர்கள் பிறகும் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கப் போகிறார்கள் என்பதால், வழக்கைவிட இதையே நான் முதலில் சொல்வேன்.

முடியும் வரை உங்கள் அறையில்

இவை எல்லாவற்றுக்கும் வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் கட்டிலைப் பொதுச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். தலைமாடு சுவரைத் தொடாமல் ஒரு சாண் விட்டாலே அதிர்வு தலையணைக்கு வருவது குறையும். காற்று வழிச் சத்தத்துக்கு ஜன்னல்தான் ஓட்டை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி வருவது கொஞ்சம், சாத்தாத வென்டிலேட்டர் வழியாக வருவது முழுவதும். ஜன்னல் சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். புது ஜன்னல் போடுவதானால் தள்ளும் ஜன்னலைவிட இறுக்கிச் சாத்தும் கதவு வைத்த ஜன்னலே சத்தத்தை நன்றாகத் தடுக்கும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண். அது அறைக்குள் எதிரொலியைச் சற்றுக் குறைக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்க அதற்குக் கனம் இல்லை. ஏசி இல்லாத வீட்டில் கோடைக்காலத்தில் ஜன்னலைச் சாத்தச் சொல்வது எவ்வளவு பொருந்தாத யோசனை என்பது எனக்கும் தெரியும். அப்போது டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் வைத்து ஓட்டுங்கள். அதன் ஒரே சீரான ஓசை, விட்டுவிட்டு வரும் சத்தத்தை மூடிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானை விரலில் உருட்டி மெலிதாக்கி, காதின் மேல்நுனியை மறு கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைத்து, அது உப்பும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்தி வையுங்கள். சரியாக நுழைந்திருந்தால் உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும்.